கடலோரமா நாலு நாள்: பெருந்துறையிலிருந்து எந்த வழி?

கேள்வி: தை மாதம் அப்பா, அம்மாவை நான்கு நாள் காரில் கடலோரமாகவே கூட்டிப்போக ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி. சென்னை போய் ஈசிஆரில் புதுச்சேரி வரை வரலாமா?

பதில்: சென்னை வேண்டாம். போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று எங்கே போனாலும் பாதி விடுமுறை கரைந்துவிடும். தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரி வரையுள்ள கரைக்குப் போங்கள். சுமார் 130 கி.மீ.தான்; இரண்டு முழு நாள் கொடுங்கள்.

விடியற்காலையில் கட்டுச்சோற்றோடு கிளம்பி காங்கேயம், தாராபுரம், ஒட்டன்சத்திரம், மதுரை வழியாகப் போனால் தூத்துக்குடி 340 கி.மீ. பக்கம். இன்னும் 40 கி.மீ.யில் திருச்செந்தூர்; முதல் இரண்டு இரவும் அங்கேயே தங்குங்கள். தைப்பூசத்தை ஒட்டிய வாரம் மட்டும் வேண்டாம். தாராபுரம் ரோட்டில் பழனிக்குப் போகும் நம்மூர்க் காவடிக் கூட்டம் இருட்டில் நடந்து வரும், திருச்செந்தூரிலும் நெரிசல்.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். திருச்செந்தூருக்குத் தெற்கே ரோட்டில் போகும்போது பெரும்பாலும் பனையும் முள்ளும்தான் தெரியும், கடல் தெரியாது. ஊர் ஊராக இடதுபக்கம் திரும்பி உள்ளே போக வேண்டும். இது தெரியாமல் நேரே ஓட்டிவிட்டு, 'ஒண்ணுமே இல்லையே' என்று திரும்பியவர்கள் உண்டு.

இரண்டாம் நாள் காலையில் முருகன் கோயில், சாயங்காலம் மணப்பாடு. சுமார் 20 கி.மீ.தான். கடலுக்குள் நீண்ட மணல்மேடு, உச்சியில் திருச்சிலுவை ஆலயம், ஒருபுறம் அலை, மறுபுறம் அசையாத உப்பங்கழி. 1542-இல் இந்தக் கரைக்கு வந்த கிறிஸ்தவத் துறவி சவேரியார் தங்கிய குகையும் இங்கே இருக்கிறது. நான் என் ஆத்தாவைக் கூட்டிப்போனபோது, இருட்டும் வரை அங்கிருந்து எழவே மாட்டேன் என்றார். உங்கள் அம்மாவுக்கும் ஒரு மடக்கு நாற்காலி எடுத்துக்கொள்ளுங்கள். மணலில் உட்கார்ந்து எழுவதுதான் முழங்காலுக்குச் சிரமம்.

மூன்றாம் நாள் உடன்குடியில் கருப்பட்டி வாங்கிக்கொண்டு, உவரிக் கடற்கரை பார்த்து, கன்னியாகுமரி. தையில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் உதயம், மறைவு இரண்டுமே அங்கே கடலில் தெரியும். விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகு வரிசையில் வெகுநேரம் நிற்க நேரும். அம்மாவுக்காக அதை விட்டுவிடலாம்.

நான்காம் நாள் உதயம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 450 கி.மீ. இருக்கும், ஓட்ட இரண்டு பேர் இருந்தால் நல்லது.

அப்புறம், எங்கேயும் காரை மணலில் இறக்காதீர்கள். ஊர் வந்ததும் வாட்டர் சர்வீஸில் அடிப்பாகத்தையும் கழுவச் சொல்லுங்கள். உப்புக்காற்று பட்ட இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும்.