அம்மா வந்ததும் போனைக் கவிழ்க்கிறேன்

கேள்வி: எனக்கு 16 வயது. என் வகுப்புப் பையனும் நானும் ஒருவரையொருவர் விரும்புகிறோம். சேர்ந்து வெளியே போக ஆசை. ஆனால் டேட்டிங் என்று சொன்னாலே வீடு ரெண்டாகிவிடும். அம்மா அறைக்குள் வந்ததும் போனைக் கவிழ்த்து வைக்கிறேன். மறைத்து மறைத்து அலுத்துவிட்டது. எப்படிப் பேச்சை எடுப்பது?

பதில்: அன்பு மகளே, நீ போனைக் கவிழ்ப்பதை அம்மா பார்க்கவில்லை என்றா நினைக்கிறாய்? பார்த்திருப்பார். என் மகள் உன் வயதில் அதையே செய்தாள், நான் பார்த்தேன். எதுவும் கேட்கவில்லை. ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. திரையில் இருந்தது என்னவென்று தெரியாததால், இருக்கவே கூடாததையெல்லாம் மனசு நினைத்துக்கொண்டது.

அதனால் "டேட்டிங் போகலாமா?" என்று ஆரம்பிக்காதே. அந்த வார்த்தை உன் காதில் ஒன்றாகவும் அவர்கள் காதில் வேறாகவும் விழும். உனக்கு இப்போது வேண்டியது என்ன? சனிக்கிழமை மதியம் ஒரு சினிமாவா? அதை மட்டும் கேள். யாரோடு, எங்கே, எப்படிப் போய் வருவாய் என்பதையும் சேர்த்துச் சொல். "6 மணிக்குள் வீட்டில் இருப்பேன்" என்றால் அவர்களால் யோசித்துப் பதில் சொல்ல முடியும்.

எதிரெதிரே உட்கார்ந்து விசாரணை மாதிரிப் பேச வேண்டாம். சேர்ந்து துணி மடிக்கும்போது பேசு. கண்ணைப் பார்த்தே ஆகவேண்டும் என்றில்லாதபோது கஷ்டமான பேச்சும் வாயில் வரும். "அம்மா, உன்கிட்ட ஒண்ணு மறைச்சிட்டிருக்கேன், அது எனக்கே பிடிக்கல" என்று தொடங்கு. சொல்லி முடித்ததும் "உனக்கு இதுல எதும்மா பயமா இருக்கு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இரு. படிப்பு, நாலு பேர் பேச்சு, உன் உடம்பு, அவன் விலகிப்போனால் நீ தாங்குவாயா என்று ஒவ்வொன்றாக வரும். குறுக்கே பேசாதே. அந்தப் பயத்தில் நியாயமும் உண்டு. அவசரத்தை அடக்கி யோசிக்க வைக்கும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர 25 வயதை ஒட்டி ஆகிவிடும்.

அப்பாவிடம் சொல்லாதே என்று மட்டும் அம்மாவைக் கட்டிப்போடாதே. எப்படிச் சொல்லலாம் என்று அவரிடமே கேள்.

முடியாது என்றால்? அழுகை வரும், வரட்டும். கதவை அறைந்து சாத்தாதே. "திரும்ப எப்போ பேசலாம்?" என்று கேள். அவனை ஒருநாள் வீட்டுக்கு வரச் சொல்லவா என்றும் கேட்டுப் பார். முகம் தெரியாத பையனைவிட, கூடத்தில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்த பையன் மேல் பயம் குறையும்.

இன்னொன்று, இதை நீ அலட்சியப்படுத்தக் கூடாது. அவன் உன் அந்தரங்கப் படம் கேட்டாலோ, பாஸ்வேர்டு கேட்டாலோ, வீட்டில் மூச்சு விடாதே என்று மிரட்டினாலோ, அன்றைக்கே அம்மாவிடம் போ. திட்டு விழுந்தாலும் பரவாயில்லை. உண்மையைச் சொன்னால் அடி விழும் வீடாக இருந்தால், முதலில் நீ நம்பும் சித்தியிடமோ ஆசிரியரிடமோ சொல். அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசு.

எல்லாவற்றையும் இன்றைக்கே சொல்லித் தீர்க்க வேண்டாம். இன்று அம்மா அறைக்குள் வரும்போது போனை அப்படியே விட்டுவிடு. யாரென்று கேட்டால், அவன் பெயரைச் சொல்.