'தலைமுறைகள்' 50 பக்கத்திலேயே நின்றுவிட்டது: என்ன செய்யலாம்?

வணக்கம். நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' நாவலில் உறவுகளும் வட்டார வழக்கும் குழப்புவதால் 50 பக்கத்தோடு மூடி வைத்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

முதலில் பேச்சுமொழி. கதை நடக்கும் இரணியல், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், 1956 நவம்பர் வரை மலையாளம் புழங்கிய திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர். அதனால்தான் அந்தத் தமிழில் மலையாள வாடை. ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் தேடினால் வேகம் போய்விடும். உரையாடல்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரியும். எனக்கு அப்படித்தான் வழி திறந்தது.

அப்புறம் உறவுகள். ஒரு தாளில் கதையின் நாயகன் திரவியை நடுவில் எழுதுங்கள். மேலே உண்ணாமலை ஆச்சி, பக்கத்தில் அக்கா நாகு. மற்றவர்களை வர வர, திரவி கூப்பிடும் முறையோடு சேர்த்துக்கொண்டால் போதும். பெயரைவிட முறைதான் நினைவில் நிற்கும்.

ஆச்சி சொல்லும் பழங்கதைகளை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். சடங்குகளையும் அப்படித்தான். நாகுவின் திருமண வாழ்க்கை ஏன் அவ்வளவு வலிக்கிறது என்பது அவற்றைப் படித்திருந்தால்தான் முழுதாகப் புரியும்.

நாகு கதை சூடுபிடிக்கும் இடம் வரை போய்விட்டு எழுதுங்கள், பேசலாம்.