இளவேனில் பதிவுகள்: கேள்வி பதில்

மாசி பிறந்ததுமே மரம், பறவை, பூச்சி பற்றிய கேள்விகள் வரத் தொடங்கிவிடுகின்றன. தங்கள் ஊர் உயிரினங்களைக் குறித்துவைக்க விரும்புகிறவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அரசுப் பள்ளி ஆசிரியை நான். மாணவர்களோடு எதிலிருந்து தொடங்கலாம் அம்மா? (பல்லடம்)

ஒரே ஒரு மரம் போதும். பள்ளி வளாகத்தில் நிற்பது வேம்போ புங்கமோ, எதுவானாலும் சரி. வாரம் ஒருமுறை அதே மரத்தடிக்குப் போய்த் தளிர், முற்றிய இலை, மொட்டு, பூ, காய், பழம் ஒவ்வொன்றும் 'இல்லை', 'கொஞ்சம்', 'நிறைய' என்று குறியுங்கள். மரங்களின் பருவ மாற்றங்களைப் பதியும் சீசன்வாட்ச் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் இப்படித்தான் எழுதி அனுப்புகிறார்கள். மரத்தை மட்டும் மாற்றிவிடாதீர்கள். பழைய இலையை உதிர்த்த புங்கம் பளபளவென்று தளிர்விடும் வேகத்தைப் பங்குனியில் ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால், அப்புறம் பிள்ளைகளே உங்களை இழுத்துக்கொண்டு போவார்கள்.

எங்கள் தெருவில் மஞ்சளாகப் பூத்திருக்கும் மரம் சரக்கொன்றைதானா? (விருத்தாசலம்)

பூங்கொத்தைப் பாருங்கள். தரையை நோக்கிச் சரஞ்சரமாகத் தொங்கினால் சரக்கொன்றை. நிமிர்ந்து நின்றால் இயல்வாகையாகவோ மஞ்சள் கொன்றையாகவோ இருக்கலாம். சாலையோரங்களில் இரண்டையும் நிறையவே நட்டிருக்கிறார்கள். காய் இருந்தால் சந்தேகமே வேண்டாம். சரக்கொன்றைக்கு முழ நீளத்தில் உருண்ட காய். இயல்வாகைக்குச் செம்பு நிறத்தில் சிறிய தட்டைக் காய்.

உதிர்ந்த பூ ஒன்றை உள்ளங்கையில் வைத்தும் பார்க்கலாம். சரக்கொன்றைப் பூவில் ஐந்து இதழ்கள், பத்து மகரந்தத் தாள்கள். அந்தப் பத்தில் மூன்று மட்டும் மற்றவற்றைவிட வெகுவாக நீண்டு வளைந்திருக்கும். உயிரினப் படங்களைப் பதிந்து அடையாளம் காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றும்போது பூ, இலை, காய், முழு மரம் என நான்கையும் படமெடுத்துப் போடுங்கள். ஒற்றைப் பூவின் அழகான படத்தை வைத்துக்கொண்டு அடையாளம் சொல்வது பல நேரங்களில் முடியாத காரியம். நட்டு வளர்த்த மரமென்றால் அதையும் தவறாமல் குறிப்பிடுங்கள்.

தினமும் காகமும் மைனாவும்தான் வருகின்றன. இதையெல்லாம் பதிய வேண்டுமா? (தாம்பரம்)

அவசியம் பதிய வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் தாங்குவதில்லை. 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது. அதற்கு அடிப்படை, 30,000-க்கும் மேற்பட்ட ஆர்வலர்கள் இபேர்டு என்னும் பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றிய பட்டியல்கள். அரிய பறவைகளை மட்டும் எல்லோரும் எழுதியிருந்தால் எந்த இனம் குறைகிறதென்று யாருக்கும் தெரிந்திருக்காது.

பார்த்த, கேட்ட எல்லாப் பறவைகளையும் எண்ணிக்கையோடு எழுதுங்கள். தொடங்கிய நேரத்தையும் எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்பதையும் சேருங்கள். குளிர்காலத்தில் வந்த ஆறுமணிக்குருவி சித்திரையில் வடக்கே திரும்பிவிடும். அது கிளம்பிவிட்டது என்பதை, அது இடம்பெறாத உங்கள் பட்டியல்தான் சொல்லும்.

எருக்கு இலையில் வரிவரியாக ஒரு புழு இருக்கிறது. என்ன புழு அக்கா? (ஒன்பதாம் வகுப்பு மாணவன், திருச்சுழி)

கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகளும், முதுகில் மூன்று இணைக் கறுப்பு இழைகளும் இருந்தால் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு, தம்பி. எருக்கம்பாலின் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தின்னத் தயங்கும். செடியிலேயே விட்டுவிட்டுத் தினமும் போய்ப் பார். எந்தச் செடியில் இருந்தது என்பதையும் சேர்த்து எழுது. புழுவின் பெயரைப் போலவே அதுவும் முக்கியம். எருக்கம்பால் கண்ணில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்.

எங்கள் காட்டில் நட்சத்திர ஆமை பார்த்தேன். இடத்தைப் போடலாமா? (விவசாயி, அறந்தாங்கி)

போடாதீர்கள் ஐயா. அந்த ஆமையைப் பிடித்து வெளிநாட்டுக்குக் கடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஐநேச்சுரலிஸ்டில் இடத்தை மறைத்துப் பதியும் வசதி உண்டு. வாட்ஸ்அப் குழுக்களில் அப்படி எந்தக் காவலும் இல்லை. அங்கே படத்தைக்கூட அனுப்ப வேண்டாம்.

முன்பு சித்திரையில் பூத்த கொன்றை இப்போது மாசியிலேயே பூக்கிறது. என் பழைய நினைவுகளையும் சேர்க்கலாமா? (திண்டுக்கல்)

தேதி இருந்தால் சேர்க்கலாம். பழைய நாட்குறிப்பு, தேதியோடு உள்ள திருமணப் படத்தின் பின்னணியில் பூத்து நிற்கும் மரம், இவையெல்லாம் சான்றுதான். தேதி இல்லாத நினைவு பதிவாகாது. ஒரு வருடம் முன்கூட்டிப் பூத்ததை வைத்துப் பருவமே மாறிவிட்டது என்றும் சொல்லிவிட முடியாது. இந்த ஆண்டு முதல் பூ விரிந்த நாளை எழுதிவையுங்கள். அடுத்த ஆண்டும் எழுதுங்கள்.

கூட்டில் இருக்கும் தேன்சிட்டைக் கிட்டப் போய்ப் படமெடுக்கலாமா? (மதுரை)

வேண்டாம். தாய் கூட்டுக்கு வரத் தயங்கினால் குஞ்சுகள் பட்டினி கிடக்கும். கூடு இருக்கிறது என்று எழுதினாலே போதும்.

பொங்கல் பறவைக் கணக்கெடுப்பைத் தவறவிட்டேன். அடுத்தது எப்போது? (கோத்தகிரி)

மே மாதம் இரண்டாம் சனிக்கிழமையை ஒட்டி ஓரிடவாழ் பறவைகள் நாள், அதாவது ஒரு பகுதியில் மட்டுமே வாழும் பறவைகளுக்கான நாள் வரும். உங்களுக்கு ஏற்ற நாள் அதுதான். மேற்குத்தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத நீலகிரி ஈப்பிடிப்பான் உங்கள் ஊர்ச் சோலைகளில் இருக்கிறது. பதினைந்து நிமிடப் பட்டியலே போதும். விடிந்ததும் கிளம்பிவிடுங்கள், வெயில் ஏறிவிட்டால் பாதிப் பறவைகள் ஓசையடங்கிவிடும்.