வரிசையில் நிற்பவர் மீதா சந்தேகம்?

கேள்வி: அகதி என்ற பெயரில் யார் யாரோ எந்தச் சோதனையும் இல்லாமல் நுழைந்துவிடுகிறார்கள். 2015இல் பாரிஸில் நடந்த தாக்குதலுக்குப் பிறகும் அவர்களுக்காக வாதாடுகிறீர்களே?
- வாசகர், கும்பகோணம்

பதில்: 'எந்தச் சோதனையும் இல்லாமல்' என்கிறீர்களே, அதை மட்டும் விடமாட்டேன். அந்த ஆண்டில் ஜோர்டானிலிருந்து அமெரிக்கா போக விரும்பிய சிரியா அகதியைப் பாருங்கள். முதலில் ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் பதிவு, கருவிழிப் படம், விசாரணை. உலக அகதிகளில் வேறொரு நாட்டில் குடியேற வாய்ப்புப் பெறுபவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அந்த வாய்ப்பு வந்தால், எஃப்.பி.ஐ., உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, ராணுவத் துறை மூன்றின் கோப்புகளிலும் பெயரையும் கைரேகையையும் தேடுவார்கள். அமெரிக்க அதிகாரி நேரில் உட்காரவைத்துக் குடைவார். மருத்துவப் பரிசோதனை தனி. எல்லாம் முடிய ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு. குண்டு வைக்க நினைப்பவன் இந்த வரிசையிலா வந்து நிற்பான்? 2001 செப்டம்பர் 11 அன்று விமானங்களைக் கடத்திய 19 பேரும் விசா வாங்கி வந்தவர்கள். அகதியாக வந்தவர் ஒருவரும் இல்லை.

பாரிஸை மறைக்க மாட்டேன். தாக்கியவர்களில் பெரும்பாலோர் பிரான்ஸ், பெல்ஜியம் குடிமக்கள். ஆனால் இருவர் போலி சிரியா பாஸ்போர்ட்டுடன் கிரீஸின் லெரோஸ் தீவில் படகுக் கூட்டத்தோடு இறங்கியவர்கள். கைரேகை எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்ட வழி அது. அந்த ஓட்டையைக் காட்டி, இரண்டாண்டு சலித்தெடுக்கப்பட்டவர்களுக்குக் கதவடைக்கப் போவதாக அமெரிக்காவில் 30க்கும் மேற்பட்ட மாநில ஆளுநர்கள் அறிவித்தார்கள். எனக்கு இன்றும் ஆறாத கோபம் அதில்தான். 1939இல் 937 பயணிகளோடு வந்த 'செயின்ட் லூயிஸ்' கப்பலை, ஏறக்குறைய எல்லோரும் யூதர்கள், கியூபாவும் அமெரிக்காவும் திருப்பி அனுப்பின. அவர்களில் 254 பேர் நாஜிகளின் இன அழிப்பில் இறந்தார்கள்.

இனி நம் வீடு. இதை எழுதும்போதெல்லாம் சந்தாவை நிறுத்துவதாகச் சிலர் கடிதம் போடுகிறார்கள், போடட்டும். 1983 முதல் ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கு ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் தொடங்கி எத்தனையோ முகாம்கள் திறந்தோம். 1991இல் ராஜீவ் காந்தியைப் புலிகள் கொன்ற பிறகு, அந்தப் பழி முகாமில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற தாய்மார் தலையிலும் விழுந்தது. தமிழக உளவுப் போலீசான கியூ பிரிவின் கண்காணிப்பில் அங்கே பிறந்த பிள்ளைகள் இன்று பெற்றோராகிவிட்டார்கள். இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதி யார் என்று சொல்லும் சட்டமும் நம்மிடம் இல்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தமும் இவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

சோதனை வேண்டும் என்கிறீர்கள், எனக்கும் வேண்டும். யார் சோதிப்பார், எத்தனை மாதத்தில் முடிப்பார், மறுத்தால் எங்கே முறையிடலாம் என்று எழுதிவைத்த சட்டத்தோடு வேண்டும். 40 ஆண்டுகளுக்கு மேலாகியும் மண்டபத்துக்காரருக்கு நாம் ஒரு முடிவும் சொல்லவில்லை. அடுத்த கடிதத்தை உங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதுங்கள்.