குசினிக் கேள்விகள்: தோசைக்கல்லும் தாச்சியும் கறளும்

நொன்ஸ்டிக் தாச்சியை வெறுமையாக அடுப்பில் வைத்துச் சூடாக்க வேண்டாம் என்று போன இதழில் எழுதியிருந்தேன். அதோடு எல்லாரும் பரணில் கிடந்த இரும்புச் சாமானை இறக்கிவிட்டீர்கள் போலிருக்கிறது. வந்த கடிதங்களில் பாதி கறளைப் பற்றித்தான். எனவே இந்த முறை முழுக்க இரும்புதான். புட்டு மா, ஊறுகாய்க் கேள்விகள் அனுப்பியவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

ரீச்சர், எங்கள் வீடு மரைன் டிரைவ் பக்கத்துத் தொடர்மாடியில். அம்மா சென்னையிலிருந்து சுமந்து வந்து தந்த வார்ப்பிரும்புத் தோசைக்கல்லைக் கழுவித் துடைத்து, தேங்காய் எண்ணெய் தாராளமாகப் பூசித்தான் வைக்கிறேன். இரண்டு நாளில் ஓரமெல்லாம் கறள். எண்ணெய் நின்ற இடமோ பிசுபிசுத்துத் தூசி பிடித்துக் கிடக்கிறது. கல் சரியில்லையா? — வாசகி, வெள்ளவத்தை

கல்லில் குறை இல்லை, தங்கச்சி. ஈரமும் காற்றும் இருந்தாலே இரும்பு கறள் பிடிக்கும். கடற்காற்றில் வருகிற உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். உங்கள் பல்கனிக் கம்பியைப் போய்ப் பாருங்கள், அதுவும் அதே கதையைத்தான் சொல்லும்.

வார்ப்பிரும்பு என்பது உருக்கிய இரும்பை மணல் அச்சில் ஊற்றி எடுப்பது. அதனால்தான் மேலே அந்தச் சொரசொரப்பு. சீலையால் எவ்வளவு அழுத்தித் துடைத்தாலும் அந்தச் சின்னச் சின்னக் குழிகளுக்குள் ஈரம் நிற்கும். அதன்மேல் எண்ணெய் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்து மூடினதாகத்தான் ஆகும். கழுவின கையோடு கல்லை அடுப்பில் ஏற்றி, சிறு தீயில் மூன்று நாலு நிமிடம் விடுங்கள். நடு முதலில் வெளுத்துக் காயும். விளிம்பிலும் கைப்பிடி சேருகிற மூலையிலும் ஈரம் கறுப்பாகத் தெரிந்துகொண்டே இருக்கும். அதுவும் போன பிறகுதான் அடுப்பை அணைக்க வேண்டும்.

அடுத்தது எண்ணெய். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 வீதம் நிறைவுற்ற கொழுப்பு. அது சூட்டில் இறுகாது, எண்ணெயாகவே இருந்து தூசியைச் சேர்க்கும். மீன் பொரிக்க அதைவிட நல்ல எண்ணெய் எனக்குத் தெரியாது. ஆனால் கல்லைப் பழக்க அது வேண்டாம். சோயா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், நல்லெண்ணெய் இவற்றில் நிறைவுறாத கொழுப்பு அதிகம். மெல்லிசாகப் பூசி நன்றாகச் சூடாக்கினால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, இரும்பில் ஒட்டின கடினமான படலமாகிவிடும். பழகின கல்லின் கறுப்பு மினுக்கம் அந்தப் படலம்தான். அதை எண்ணெய்ப் பசை என்று நினைத்துத்தான் பலபேர் மேலே மேலே பூசுகிறார்கள்.

இப்போது உங்கள் கல்லுக்கு வருவோம். கறளை இரும்புத் தும்பால் தேய்த்து எடுங்கள். போகாவிட்டால் வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து அரை மணித்தியாலம் ஊறவிடுங்கள். இரவு முழுக்க வேண்டாம், கறள் முடிந்ததும் அமிலம் இரும்பையே தின்னத் தொடங்கும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, முன்சொன்னபடி அடுப்பில் காயவையுங்கள். இளஞ்சூடாக இருக்கும்போது ஒரு தேக்கரண்டி எண்ணெயை முன்புறம், பின்புறம், கைப்பிடி எல்லாம் தேயுங்கள். பிறகு வேறு உலர்ந்த சீலை எடுத்து, தேய்த்த எண்ணெய் முழுவதையும் துடைத்துவிடுங்கள். விரலால் தொட்டால் விரல் மினுங்கக்கூடாது. எண்ணெய் மிஞ்சினால் திட்டுத் திட்டாகக் கட்டிபட்டுப் பிசுபிசுக்கும், வேறொன்றும் இல்லை.

ஓவன் இருந்தால் கல்லைக் கவிழ்த்து வைத்து 230 பாகை செல்சியஸில் ஒரு மணித்தியாலம் விட்டு, உள்ளேயே ஆறவிடுங்கள். ஓவன் இல்லையென்றால் காஸ் அடுப்பில் நடுத்தரத் தீ போதும். புகை எழும்பி, பிறகு தானாக அடங்கும்வரை வைத்து, கல்லை இடைக்கிடை நகர்த்தி ஓரங்களுக்கும் சூடு காட்ட வேண்டும். இதையே மூன்று நாலு தரம். முதல் தரம் தவிட்டு நிறம்தான் வரும், பயப்படாதீர்கள். யன்னலைத் திறந்து வையுங்கள். பல்கனியில் துவைத்த உடுப்புக் காய்ந்தால் முதலில் அதை உள்ளே எடுங்கள், இல்லாவிட்டால் அலுவலகத்தில் உங்கள் பக்கத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

அதற்குப் பிறகு தோசையைச் சுடுங்கள், அவ்வளவுதான். கிழமையில் இரண்டு மூன்று தரம் சுடுகிற கல்லுக்குத் தனிப் பராமரிப்பு என்று ஒன்றும் தேவையில்லை. சிங்குக்குக் கீழே உள்ள அலுமாரியில் வைக்காதீர்கள், கொழும்பில் ஒக்டோபர் நவம்பர் மழைக்கு அங்கே ரொட்டிக்கே பூஞ்சணம் பிடிக்கும். நல்லூர்த் திருவிழாவுக்கென்று ஒரு மாதம் ஊருக்குப் போவதானால் மெல்லிசாக எண்ணெய் தொட்டுத் துடைத்து, பத்திரிகைத் தாளில் சுற்றி உயரத்தில் வைத்துவிட்டுப் போங்கள்.

கலியாணம் முடித்து ஆறு மாதம். இரும்புத் தாச்சிக்குச் சவர்க்காரம் போட்டால் மாமி கோபிக்கிறார். வெறும் தண்ணீரில் கழுவினால் எனக்குச் சாப்பிட மனமில்லை. யார் சரி? — வாசகி, கொட்டாஞ்சேனை

மாமி பழகின காலத்துக்கு மாமி சரி. அந்தக்காலச் சவர்க்காரங்களில் காரம் மிஞ்சி நின்றால் படலத்தைக் கரைக்கும். இன்று பாத்திரம் கழுவ விற்கிற திரவங்கள் அப்படியானவை அல்ல. இறுகின படலத்தை அவை ஒன்றும் செய்யாது, மேலே நிற்கிற எண்ணெயை மட்டும் எடுக்கும். பஞ்சால் கழுவி உடனே அடுப்பில் காயவையுங்கள். ஊறப்போடாதீர்கள். அடிப்பிடித்திருந்தால் கல்லுப்புப் போட்டு, தேங்காய்த் தும்பால் தேயுங்கள். மீன் பொரித்த தாச்சியில் அடுத்த நாள் சக்கரைப் பாகு காய்ச்சுகிறவர் என்றால் சவர்க்காரம் கட்டாயம் என்பது என் கட்சி. இதை மாமிக்கு வாசித்துக் காட்டுவது உங்கள் துணிவைப் பொறுத்தது.

பழகின கல்தான். ஆனாலும் முதல் இரண்டு தோசை ஒட்டிக் கிழிகிறது, பிறகு சரியாகிவிடுகிறது. ஏன்? — வாசகர், பம்பலப்பிட்டி

அவசரம், தம்பி. அலுமினியத்தோடு பார்த்தால் வார்ப்பிரும்பு நாலைந்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் வெப்பத்தைக் கடத்தும். சுடராகத் தீயை விட்டு ஒரு நிமிடத்தில் மாவை ஊற்றினால் நடுவில் கருகும், ஓரத்தில் ஒட்டும். நடுத்தரத் தீயில் ஏழெட்டு நிமிடம் காயவிடுங்கள். தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தட்டையாகப் பரவி மெதுவாகக் கொதித்தால் சூடு போதாது. துளி உருண்டு ஓடி விளையாடினால் சூடு கூடிவிட்டது, அந்தக் கல்லில் மாவு பரவாமல் அகப்பையோடு சுருண்டு வரும். அப்போது தீயைக் குறைத்து, பாதி வெங்காயத்தைக் கவிழ்த்து நல்லெண்ணெயில் தொட்டு ஒரு சுற்றுத் தேய்த்து, ஈரச்சீலையால் ஒருதரம் ஒற்றியெடுத்து, அந்தச் சீறல் அடங்குகிற கணத்தில் மாவை ஊற்றுங்கள். குளிரூட்டியிலிருந்து எடுத்த மாவை அப்படியே ஊற்றுவதும் ஒட்ட ஒரு காரணம். ஒரு மணித்தியாலம் முன்பே வெளியில் எடுத்து வையுங்கள்.

இரும்புத் தாச்சியில் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்தேன். கறுத்துப்போய் ஆணி நக்கின மாதிரி ருசி. உடம்புக்குக் கெடுதியா? இரும்பில் சமைத்தால் இரத்தம் ஊறும் என்கிறார்களே, அது உண்மையா? — வாசகி, தெஹிவளை

கெடுதி இல்லை, ஆனால் அந்தக் குழம்பை நானும் சாப்பிடமாட்டேன். பழப்புளியின் அமிலம் இரும்பைக் கரைத்தது. கத்தரிக்காய், வாழைக்காய், வாழைப்பூ இவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள் கரைந்த இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். அந்தக்காலத்தில் எழுதுகிற மை தயாரித்ததும் இதே சேர்க்கையால்தான். புளி, தேசிக்காய், தக்காளி விழுகிற எதையும் மண்சட்டிக்கு விடுங்கள். கறியைச் சமைத்து இரும்பிலேயே இரவுக்கு வைப்பதும் கூடாது.

இரத்தம் பற்றிய பேச்சு வெறும் பாட்டிக் கதை அல்ல. 1986 இல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வில், புளிப்பான அப்பிள் கூழை வார்ப்பிரும்பில் சமைத்தபோது 100 கிராமில் 0.35 மில்லிகிராமாக இருந்த இரும்பு 7 மில்லிகிராமைத் தாண்டியது. 1999 இல் எத்தியோப்பியாவில் இரும்புப் பானையில் சமைத்துச் சாப்பிட்ட சின்னப் பிள்ளைகளுக்கு, அலுமினியப் பானைக்காரப் பிள்ளைகளைவிடச் சோகை குறைந்திருந்தது. ஆனால் சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிக்கிற எங்கள் பழக்கம் இந்த இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். குளிசைக்குப் பதிலாகத் தாச்சி என்றும் நினைக்க வேண்டாம். சோகை என்று வைத்தியர் சொன்னால் குளிசையையே போடுங்கள்.

இன்னொன்று, இதைக் கவனமாக வாசியுங்கள். வீட்டில் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ள பிள்ளை இருந்தால் இரும்புச் சட்டிச் சமையலைப் பற்றி வைத்தியரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள். இரத்தம் ஏற்றுவதாலேயே அவர்கள் உடம்பில் இரும்பு மிஞ்சும். அதை வெளியேற்றத்தான் அவர்களுக்குத் தனி மருந்து கொடுக்கிறார்கள்.

சரி, தாச்சியை எதற்குத்தான் எடுப்பது? வறுக்க! யாழ்ப்பாணத்துத் தூளுக்குக் கொத்தமல்லி வறுக்க இதைவிட வேறு சாமான் இல்லை. மொத்த இரும்பு சூடேறச் சுணங்கும், ஏறினால் இறங்காது. அதனால் ஒரு கைப்பிடி மல்லி விழுந்தாலும் சூடு விழாது. வெடிப்புச் சத்தம் வந்து, வாசம் பச்சையிலிருந்து மாறுகிற இடத்தில் தீயை அணைத்துவிட்டு உடனே சுளகில் கொட்டிவிடவேண்டும். அடுப்பு அணைந்தாலும் தாச்சி வறுத்துக்கொண்டே இருக்கும், அலுமினியச் சட்டியில் பழகினவர்கள் அதில்தான் கருக்கிவிடுவார்கள். புட்டுக்கு மா வறுக்கவும், பலாக்கொட்டை, மீன், பாகற்காய் பொரிக்கவும், முருங்கையிலை வறைக்கும் இதுதான்.

பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் மொத்தமான தாச்சி ஒன்று மலிவாகக் கிடைத்தது. சுத்தம் செய்து பாவிக்கலாமா? — வாசகர், மருதானை

கறள் ஒரு பிரச்சினையே இல்லை. வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். விரல் முட்டியால் தட்டினால் மணிபோல் கொஞ்சமாவது ஒலிக்க வேண்டும், பொத்தென்று கேட்டால் எங்கோ கீறல். வெடித்த வார்ப்பிரும்பை ஒட்டிச் சமையலுக்கு எடுக்கிற வேலை வேண்டாம்.

எனக்குப் பயம் வேறொன்று. பழைய தாச்சிகளில் மீன் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு வார்க்க ஈயம் உருக்குவார்கள். 327 பாகையில் உருகுகிற ஈயத்துக்குக் காஸ் அடுப்பே போதும், வீட்டுத் தாச்சியே போதும். ஈயம் இரும்பின் குழிகளில் தங்கும், தேய்த்தோ எரித்தோ முற்றாக எடுக்க முடியாது. யார் வீட்டில் எதற்குப் பாவித்தது என்று தெரியாத தாச்சியில் நான் பிள்ளைகளுக்குச் சமைக்கமாட்டேன். அதைப் பூஞ்சாடியாக வையுங்கள். புதிதாகத் தேடுகிறீர்கள் என்றால் பழைய சோனகத் தெரு இரும்புக் கடைகளில் விசாரித்துப் பாருங்கள். தகட்டை அடித்துச் செய்த மெல்லிய தாச்சியையும் வார்ப்பிரும்பு என்று சொல்லி நீட்டுவார்கள். அதுவும் நல்ல சாமான்தான், விலைதான் வேறாக இருக்க வேண்டும். மெல்லிசாக, வழுவழுப்பாக இருந்தால் தகடு. மொத்தமாக, மணல் தடம் தெரிந்தால் வார்ப்பு.

2022 இல் காஸ் வரிசையில் நின்று அலுத்து இண்டக்ஷன் அடுப்பு வாங்கினோம். தோசைக்கல்லை அதில் வைக்கலாமா? — வாசகி, கொள்ளுப்பிட்டி

வைக்கலாம். காந்தம் ஒட்டுகிற எதுவும் அதில் வேலை செய்யும், இரும்பு கேட்கவே வேண்டாம். ஆனால் கல்லின் அடி தட்டையாக இருக்கவேண்டும். அடியில் வளையமோ எழுத்தோ புடைத்திருந்தால் சூடு சரியாக ஏறாது. முதலே உச்ச அளவில் போடாதீர்கள். அடுப்புக்குள் இருக்கிற கம்பிச் சுருளுக்கு மேலே உள்ள பகுதி மட்டும் சட்டென்று கொதித்து, ஓரம் குளிராகவே நின்றால் வார்ப்பிரும்பு வெடிக்கும். குறைந்த அளவில் ஐந்து நிமிடம், பிறகு கூட்டுங்கள். கண்ணாடிமேல் இழுக்காமல் தூக்கி வையுங்கள். சூடான கல்லைத் தண்ணீருக்குக் கீழே பிடிப்பதை எந்த அடுப்புக்காரரும் செய்யக்கூடாது.