தலைப்பு இருக்கிறது, கேள்வி எங்கே?

கேள்வி: ஆசிரியையாக வேலை செய்துகொண்டே சர்வதேச உறவுகளில் முதுமாணி படிக்கிறேன். ஆய்வேட்டுக்கு ‘இந்திய - இலங்கை உறவும் மீனவர் பிரச்சினையும்’ என்று தலைப்புக் கொடுத்தேன். ‘அகலம் கூடிப்போச்சு’ என்று மேற்பார்வையாளர் திருப்பித் தந்துவிட்டார். எட்டு மாதம்தான் இருக்கிறது. எப்படிச் சுருக்குவது?
- வாசகி, கோப்பாய்

பதில்: அவர் சொன்னது சரி. உங்களிடம் தலைப்பு இருக்கிறது, கேள்வி இல்லை. கேள்வி வந்தால் அகலம் தானாகக் குறையும்.

1974 கடல் எல்லை உடன்படிக்கை, இரு நாட்டுப் படகுகளும் மற்றவர் கடலில் வழமையாக அனுபவித்த உரிமை தொடரும் என்கிறது. 1976இல் பரிமாறிய கடிதங்களோ, அனுமதியில்லாமல் ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கக் கூடாது என்கின்றன. இந்த முரணை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நானென்றால் 2016க்குப் போவேன். அந்த நவம்பரில் இரு நாட்டு அமைச்சர்களும் டெல்லியில் கூடி, கடலடியை வாரியிழுக்கும் வலையால் மீன்பிடிக்கிற இழுவைமடித் தொழிலைக் கூடிய விரைவில் முடிவுக்குக் கொண்டுவர ஒத்துக்கொண்டார்கள். கூட்டுச் செயற்குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் என்றார்கள். அடுத்த வருடமே இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது. அதன் பிறகும் இந்தியாவிலிருந்து இழுவைப் படகுகள் வந்துகொண்டுதான் இருந்தன. ஒத்துக்கொண்ட விஷயம் ஏன் நடக்கவில்லை? எட்டு மாதத்துக்கு இந்த ஒரு கேள்வி தாராளம்.

கோட்பாட்டுக்கு அமெரிக்க அரசறிவியலாளர் ராபர்ட் பட்னம் 1988இல் முன்வைத்த ‘இரண்டு மட்ட ஆட்டம்’ பொருந்தும். அயல்நாட்டோடு பேசுகிற அரசு, வீட்டுக்குள்ளும் பேரம் பேசியாக வேண்டும்: டெல்லிக்குத் தமிழ்நாடு, கொழும்புக்கு வடக்கு. ஒரு கோட்பாடு போதும். மூன்றை அடுக்கினால் வாய்மொழித் தேர்வில் மூன்றையும் காப்பாற்ற வேண்டிவரும்.

நமது பாராளுமன்ற உரைகளின் பதிவான ஹன்சாட்டும், லோக்சபாவில் இந்திய வெளியுறவு அமைச்சு கொடுத்த பதில்களும் இணையத்திலேயே கிடைக்கும். பாடசாலை விட்டு வந்து இரவில் வாசிக்கலாம். ஆட்களைப் பேட்டி காண்பதென்றால் முதலில் பல்கலைக்கழகத்தின் ஒழுக்கநெறி அனுமதியை எடுங்கள். அதற்கு முன் பதிவு செய்ததைப் பயன்படுத்த விடமாட்டார்கள். யாழ்ப்பாணக் கரையில் மயிலிட்டியில், இந்திய இழுவைப் படகுகளால் வலை அறுந்த கதையை எல்லோரும் சொல்வார்கள், கேளுங்கள். ஆனால் குருநகரில் உள்ளூர் இழுவைமடித் தொழிலும் உண்டு. 2017 சட்டம் அவர்களையும் தொட்டது. அவர்களை விட்டுவிட்டால் நீங்கள் எழுதுவது ஆய்வேடு அல்ல, மகஜர்.

அப்புறம், வரலாற்று அத்தியாயத்தைக் கடைசியில் எழுதுங்கள். நான் என்னுடையதைச் சோழர் காலத்தில் தொடங்கி, நான்கு மாதம் கழித்துப் பார்த்தால் போர்த்துக்கேயரிடம்தான் வந்து நின்றேன். அத்தனை பக்கத்தையும் வெட்டச் சொல்லிவிட்டார்கள்.