சுட்டிக்காட்டினாரா, குற்றஞ்சாட்டினாரா?

வணக்கம் ஐயா,

எங்கள் வீட்டில் காலைச் செய்திக்கு அரச வானொலிதான். அதில் சொன்னால் அப்பாவுக்கு வேதவாக்கு. மச்சானோ, அது அரசாங்கத்தின் ஊதுகுழல், ஒரு சொல்லும் நம்பேலாது என்கிறார். தினமும் தேத்தண்ணீரோடு இந்தச் சண்டைதான். ஒரு வானொலி பக்கம் சாய்கிறதா, அது சொல்லும் தகவல் சரியா என்பதை எப்படிப் பார்ப்பது?

ஒரு வாசகர், உப்புவெளி

அன்புள்ள தம்பி,

அப்பாவும் மச்சானும் சண்டை பிடிப்பது ஒரே விஷயத்துக்காக இல்லை. தகவல் பிழைக்காது என்கிறார் அப்பா. ஆள் பார்த்துப் பேசுகிறது என்கிறார் மச்சான். இரண்டும் சரியாக இருக்கலாம். கடல் கொந்தளிப்பு, எரிபொருள் விலை, மரண அறிவித்தல் எல்லாவற்றுக்கும் நானும் அரச வானொலியைத்தான் நம்புகிறேன்.

மச்சானின் சந்தேகமும் சும்மா வந்ததல்ல. அரச வானொலியை நடத்தும் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தில் உருவானது. பணிப்பாளர் சபையை நியமிப்பவர் அமைச்சர். தேர்தல் காலத்தில் ஊடகங்களுக்கு வழிகாட்டல் விடுக்கும் அதிகாரம் 2001இல் அரசியலமைப்பின் 17ஆவது திருத்தத்தால் தேர்தல் ஆணைக்குழுவுக்குக் கிடைத்தது. கூட்டுத்தாபனத் தலைவர் அதற்கு இணங்கி நடக்க வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுத வேண்டியிருந்தது என்றால், நோய் எவ்வளவு பழையது என்று பாருங்கள்.

அப்புறம், சாய்வைப் பொய்யில் தேடாதீர்கள். வினைச்சொல்லில் தேடுங்கள். அமைச்சர் ‘சுட்டிக்காட்டினார்’, எதிர்க்கட்சி உறுப்பினர் ‘குற்றஞ்சாட்டினார்’. சுட்டிக்காட்டினார் என்றால் அந்த விஷயம் உண்மையில் இருக்கிறது என்று வாசிப்பவரே ஒப்புக்கொண்ட மாதிரி. குற்றஞ்சாட்டினார் என்றால் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ‘தெரிவிக்கப்படுகிறது’ என்று ஒன்று வரும், அதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். தெரிவித்தவர் யார்? போர்க்காலத்தில் மக்களிடமிருந்து எடுக்கப்பட்ட சம்பூர்க் காணிகளை ஒருவர் ‘விடுவிப்பு’ என்பார், இன்னொருவர் ‘திருப்பிக் கொடுத்தார்கள்’ என்பார். காணி அதே காணிதான்.

ஒருமுறை இங்கே கடற்றொழிலாளர் ஆர்ப்பாட்டத்தில் நின்றுவிட்டு வந்து, செய்தியைக் கேட்டேன். எந்த நிலையம் என்பது வேண்டாம். அமைச்சரின் குரல் வந்தது. அதிகாரியின் குரலும் வந்தது. வெயிலில் நின்றவர்கள் ‘சிலர்’ ஆகியிருந்தார்கள். அன்று கோஷம் முழுக்கச் சுருக்குவலைக்கு எதிராகத்தான். செய்தியில் வலை என்ற சொல்லே இல்லை! ஆனால் சொன்னதில் பிழை ஒன்றும் பிடிக்க முடியாது. உங்கள் அப்பா கேட்டிருந்தால் சரியான செய்தி என்றுதான் சொல்லியிருப்பார்.

தகவலே புரண்ட நாளும் இந்த ஊருக்கு உண்டு. 2006 ஜனவரி 2, திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்தது என்பதுதான் படைத்தரப்பின் முதல் கதை. பத்திரிகையாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் தலையில் சூட்டுக்காயம் தெரிந்தது. அதே மாதம் 24ஆம் திகதி அவரையும் சுட்டுக் கொன்றார்கள். அதிலிருந்து, ஆள் செத்த செய்தி எந்த வானொலியில் வந்தாலும், சொன்னது யார், அவர் நேரில் பார்த்தாரா என்று கேட்காமல் என்னால் நம்ப முடிவதில்லை.

மச்சான் தனியார் எப்.எம். கேட்பவராக இருந்தால், அதன் முதலாளி யார் என்றும் ஒருதரம் கேளுங்கள். கோபிப்பார், பரவாயில்லை.

கேட்பவனுக்கு உரிமை ஒன்றும் இல்லை என்று நினைக்கவும் வேண்டாம். கல்வி நிகழ்ச்சி ஒன்றைத் திடீரென்று நிறுத்தியதற்காக, அதில் பங்குகொண்டுவந்த நேயர் ஒருவர் கூட்டுத்தாபனத்துக்கு எதிராக உயர் நீதிமன்றம் போனார். 1996இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது.

ஒரு கிழமைக்கு இப்படிச் செய்து பாருங்கள். அப்பாவுக்கு ஒரு கொப்பி: செய்தியில் யார் யாருடைய குரல் வந்தது என்று மட்டும் எழுதட்டும். மச்சானுக்கு ஒன்று: எந்தத் தகவல் பிழை, எங்கே பார்த்து உறுதி செய்தார் என்று எழுதட்டும். ஞாயிற்றுக்கிழமை கொப்பிகளை மாற்றிக் கொடுத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.